தேக்காவுக்கு ரயில் வர ஏன் 16 ஆண்டாயிற்று?

ஈசூனில் குடியிருந்த ஒருவர் 1990ஆம் ஆண்டில் தேக்கா சந்தைக்கு வரவேண்டுமென்றால், பெருவிரைவு ரயிலில் தோபி காட் வரை வந்து, அங்கிருந்து பேருந்து பிடிக்கவேண்டும். இல்லையெனில், வெயிலைப் பார்க்காமல் நடக்கவேண்டும். இன்று அதே பயணி நியூட்டனிலோ தோபி காட்டிலோ பாதை மாறினால், அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா.

சிங்கப்பூரில் முதல் பெருவிரைவு ரயில் ஓடியது 1987 நவம்பர் 7ஆம் தேதி. லிட்டில் இந்தியா நிலையம் திறந்தது 2003 ஜூன் 20ஆம் தேதி. இடையில் ஏறத்தாழ 16 ஆண்டுகள். கூட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் குறைவே இல்லாத ஓர் இடத்துக்கு ரயில் வர ஏன் இவ்வளவு காலம் ஆனது?

ரயில் பாதை எங்கே போகவேண்டும் என்பதை ஓரிடத்தின் பெருமையோ வயதோ தீர்மானிப்பதில்லை. பாதை நெடுகிலும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், எத்தனை பேர் குடிவரப் போகிறார்கள், செலவை யார் ஏற்கிறார்கள், அடியில் இருக்கும் மண் எப்படிப்பட்டது என்ற கணக்குகள்தான் தீர்மானிக்கின்றன. இந்தக் கணக்கு புரிந்தால், தங்கள் வட்டாரத்துக்கு ரயில் எப்போது வரும் என்று காத்திருப்போருக்கும் பல விவரங்கள் விளங்கும்.

பேருந்தா, ரயிலா?

சிங்கப்பூருக்கு ரயில் தேவை என்ற யோசனை 1967ல் தொடங்கிய மாநில, நகரத் திட்ட ஆய்விலேயே எழுந்தது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உதவியுடன் நடந்த அந்த ஆய்வு 1971ல் முடிந்தது. சாலைகளை மட்டும் நம்பினால் 1990களில் நகரம் திணறும் என்று அது எச்சரித்தது.

ஆனாலும், பணம் பெரிய தடையாக இருந்தது. அக்காலத்தில் நாடு எடுக்கக்கூடிய ஆகப் பெரிய கட்டுமானத் திட்டம் அதுதான். அமைச்சரவையிலேயே கருத்து வேறுபாடு இருந்தது. தொடர்பு அமைச்சராக இருந்த ஓங் டெங் சியோங் ரயில் வேண்டும் என்றார். இவ்வளவு பணத்தைத் தரைக்கு அடியில் புதைக்கத்தான் வேண்டுமா என்ற சந்தேகம் டாக்டர் கோ கெங் சுவீக்கு இருந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று, பேருந்துகளை மட்டுமே கொண்ட சேவை போதும், செலவும் குறைவு என்று 1980ல் பரிந்துரைத்தது. அந்த விவாதம் தொலைக்காட்சியிலும் நடந்தது.

ரயிலை ஆதரித்தவர்கள் ஒரு முக்கியக் கருத்தை முன்வைத்தனர். பேருந்துகளைக் கூட்டிக்கொண்டே போனால், நகர மையத்தில் அவை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கும். சாலையை அகலப்படுத்த இடம் இல்லாத தீவில் அதற்குத் தீர்வு கிடையாது. மேலும், நிலையம் வரும் இடத்தில் நிலத்தின் மதிப்பும் உயரும். 1982 மே மாதம் அரசாங்கம் முடிவை அறிவித்தது. மதிப்பிடப்பட்ட செலவு 5 பில்லியன் வெள்ளி. 1983 அக்டோபர் 22ஆம் தேதி ஷான் சாலையில் முதல் மண் வெட்டப்பட்டது.

முதல் பாதைகள் சிராங்கூன் சாலையைத் தொடவில்லை

முதலில் திறந்தவை ஐந்தே நிலையங்கள்: இயோ சூ காங், அங் மோ கியோ, பீஷான், பிரேடல், தோ பாயோ. மொத்தம் 6 கிலோமீட்டர். இந்தப் பகுதி முதலில் வந்தது தற்செயல் அல்ல. தோ பாயோவும் அங் மோ கியோவும் அப்போதே வீவக வீடுகள் நிறைந்த பெரிய குடியிருப்புப் பேட்டைகள். காலையில் ஆயிரக்கணக்கானோர் ஒரே திசையில் வேலைக்குப் போகும் இடங்கள் அவை.

1987 டிசம்பரில் பாதை ஊட்ரம் பார்க் வரை நீண்டது. 1988 டிசம்பரில் காத்திப், ஈசூன் நிலையங்கள் திறந்தன. 1990 ஜூலையில் பூன் லே வரை பணி முடிந்தபோது, 67 கிலோமீட்டர் நீளத்தில் 42 நிலையங்கள் இயங்கின. வீடமைப்புப் பேட்டைகள், ஆர்ச்சர்ட் சாலை, ராஃபிள்ஸ் பிளேஸ், ஜூரோங் தொழிற்பேட்டை ஆகியவற்றை இணைப்பதே முதல் வேலையாக இருந்தது.

சிராங்கூன் சாலை இந்த வரைபடத்துக்கு வெளியே நின்றது. லிட்டில் இந்தியாவின் தெற்கே தோபி காட், புகிஸ், மேற்கே நியூட்டன் என்று நிலையங்கள் சுற்றி அமைந்தனவே தவிர, உள்ளே எதுவும் இல்லை. அங்கே ஒரு பாதை வரவேண்டுமென்றால், அது அங்கேயே முடிந்துவிட முடியாது. வடகிழக்காகப் பொத்தோங் பாசிர், சிராங்கூன், ஹவ்காங் வழியே செல்லவேண்டும். அந்தப் பாதையின் மறுமுனையில் இருந்த பொங்கோலும் செங்காங்கும் 1980களில் இன்று போல் அடுக்குமாடிகளாக இல்லை. பண்ணைகளும் கம்பங்களும் இருந்த பகுதிகள் அவை. ஒரு பாதையின் பாதி தூரத்துக்கு மட்டுமே பயணிகள் இருந்தால், மீதித் தூரத்துக்குக் காலியான ரயிலை ஓட்டவேண்டி வரும். ஆகவே, வடகிழக்குப் பாதை ஆய்வுத் தாளிலேயே பல ஆண்டுகள் இருந்தது.

கணக்கு மாறிய 1996

இரண்டு மாற்றங்கள் அந்த நிலையை மாற்றின. ஒன்று, செங்காங்கிலும் பொங்கோலிலும் புதிய நகரங்களைக் கட்டும் திட்டம். இன்னொன்று, பணத்தைப் பார்க்கும் முறை.

1996 ஜனவரியில் அரசாங்கம் வெளியிட்ட நிலப் போக்குவரத்து வெள்ளை அறிக்கை, செலவைப் பிரித்துக் காட்டியது. சுரங்கம், நிலையம், தண்டவாளம் போன்ற அடிப்படைக் கட்டமைப்பை அரசாங்கம் ஏற்கும். அன்றாடம் ரயிலை ஓட்டும் செலவைப் பயணிகளின் கட்டணம் ஈடுகட்டவேண்டும். இதன்மூலம், முழு மக்கள்தொகையும் வந்துசேரும் வரை காத்திராமல், குடியிருப்புடன் சேர்த்தே பாதையையும் கட்ட வழி பிறந்தது.

அதே ஆண்டில் வடகிழக்குப் பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது. ஹார்பர்ஃபிரண்ட்டிலிருந்து பொங்கோல் வரை 20 கிலோமீட்டர், 16 நிலையங்கள், செலவு சுமார் 4.6 பில்லியன் வெள்ளி. 1982ல் 67 கிலோமீட்டருக்கு 5 பில்லியன் என்று போட்ட கணக்கோடு இதை ஒப்பிட்டால், கிலோமீட்டருக்கான செலவு சுமார் மூன்று மடங்கு. விலைவாசி ஏறியது ஒரு காரணம். முழுப் பாதையும் தரைக்கு அடியில் சென்றது மற்றொரு காரணம். முந்திய பாதைகளில் பெரும்பகுதி தூண்கள்மீது, திறந்த வெளியில் ஓடியது. சுரங்கம் தோண்டுவதும், அதற்குக் காற்றோட்டமும் குளிர்சாதனமும் அமைப்பதும் பல மடங்கு செலவு வைக்கும்.

வடகிழக்குப் பாதையின் ரயில்களில் ஓட்டுநர் இருக்கை கிடையாது. எல்லாம் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து தானாக இயங்குகின்றன. பழைய பாதைகளில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலுள்ள மூன்றாவது கம்பியிலிருந்து 750 வோல்ட் மின்சாரம் எடுக்கப்படுகிறது. வடகிழக்குப் பாதையில் மேலே தொங்கும் கம்பியிலிருந்து 1,500 வோல்ட் மின்சாரம் வருகிறது.

லிட்டில் இந்தியாவில் பாதை எங்கே போகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கடைகளும் கோயில்களும் நெருங்கி நிற்கும் சிராங்கூன் சாலைக்கு அடியில் அது செல்லவில்லை. அதற்கு இணையாக உள்ள ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிச் செல்கிறது. ஃபேரர் பார்க் நிலையத்திலிருந்து ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் நடைதூரத்தில் உள்ளது. தைப்பூசக் காவடிகள் அங்கிருந்து புறப்பட்டுச் சென்றடையும் டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலுக்கு அருகே, 2017 முதல் ஃபோர்ட் கேனிங் நிலையம் உள்ளது. ஊர்வலப் பாதையின் இரண்டு முனைகளுக்கும் இப்போது ரயிலில் செல்லலாம்.

கட்டியும் திறக்காத நிலையங்கள்

2003 ஜூன் மாதம் வடகிழக்குப் பாதை ஓடத் தொடங்கியபோது, 16 நிலையங்களில் 14 மட்டுமே திறந்தன. புவாங்கோக், உட்லீ நிலையங்களில் ரயில் நிற்காமல் சென்றது. சுற்றுவட்டாரத்தில் போதுமான வீடுகள் இல்லை என்பதே காரணம்.

ஒரு நிலையத்தைத் திறந்தால், பயணி வந்தாலும் வராவிட்டாலும் விளக்கு, மின்படி, மின்தூக்கி, காற்றோட்டம், ஊழியர் என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சேவை நடத்துநர் தயங்கியதில் கணக்கு இருந்தது. ஆனால், புவாங்கோக்கில் ஏற்கெனவே வீடு வாங்கிக் குடிவந்தவர்களுக்கு வேறொரு கணக்கு இருந்தது. நிலையம் வரும் என்று நம்பித்தான் பலரும் அங்கே வீடு வாங்கினர். காலடியில் கட்டி முடித்த நிலையம் இருக்க, அடுத்த நிலையத்துக்குப் பேருந்தில் போகவேண்டியிருந்தது.

2005 ஆகஸ்ட் மாதம் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் அந்த வட்டாரத்துக்கு வருகை தந்தபோது, நிலையத்துக்கு அருகே எட்டு வெள்ளை யானை அட்டைகள் நிறுத்தப்பட்டிருந்தன. தீனி போட்டு மாளாது, வேலைக்கும் ஆகாது என்ற பொருளில், பயன்படாத பெரிய செலவை ‘வெள்ளை யானை’ என்பார்கள். அனுமதியின்றி வைத்ததாகக் காவல்துறை விசாரணை நடத்தியது. வழக்குத் தொடரப்படவில்லை, எச்சரிக்கையோடு முடிந்தது. விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டது. 2006 ஜனவரி 15ஆம் தேதி புவாங்கோக் நிலையம் திறந்தது.

உட்லீ இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் அருகே இருந்த பிடாடரி இடுகாட்டு நிலத்தில் வீடுகள் எழ நீண்ட காலம் ஆகும் என்பதால், நிலையம் 2011 ஜூன் 20ஆம் தேதிதான் திறந்தது. வடகிழக்குப் பாதை தொடங்கி சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து.

அண்மையிலும் இதே முறைதான். டௌன்டவுன் பாதையில் ஹியூம் நிலையத்துக்கான இடம் சுரங்கத்திலேயே விடப்பட்டிருந்தது. வட்டாரத்தில் குடியிருப்புகள் பெருகிய பிறகு, 2025 பிப்ரவரி 28ஆம் தேதி அது திறக்கப்பட்டது. பொங்கோல் கோஸ்ட் நிலையம் 2024 டிசம்பர் 10ஆம் தேதி செயல்படத் தொடங்கியது.

இரண்டாவது பாதையும் இளகிய மண்ணும்

லிட்டில் இந்தியாவுக்கு இரண்டாவது பாதை 2015 டிசம்பர் 27ஆம் தேதி வந்தது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரோச்சோர் வரையிலான டௌன்டவுன் பாதையின் இரண்டாம் கட்டம் அது. 2017 அக்டோபரில் மூன்றாம் கட்டம் திறந்தபோது, ஜாலான் புசாரிலும் ஒரு நிலையம் கிடைத்தது. மூன்று கட்டங்களும் சேர்ந்து 42 கிலோமீட்டர். செலவு சுமார் 21 பில்லியன் வெள்ளி. அதாவது, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 மில்லியன் வெள்ளி.

இந்தச் செலவுக்கு மண்ணும் காரணம். ரோச்சோர், காலாங் ஆற்றுப் பகுதிகளில் தரைக்குக் கீழே கடல் களிமண் உள்ளது. அது இளகியது, தோண்டினால் சரியும். லிட்டில் இந்தியாவுக்கும் ரோச்சோருக்கும் இடையே ரோச்சோர் கால்வாய் வேறு குறுக்கிட்டது. கால்வாயையும் சாலைகளையும் தற்காலிகமாக இடம்மாற்றி, அடியில் சுரங்கத்தைக் கட்டி, மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவரவேண்டியிருந்தது. பக்கத்தில் பழைய கடைவீடுகள், மேலே ஓயாத போக்குவரத்து. பழைய பாதைகளுக்குக் கீழே செல்லவேண்டியிருப்பதால், புதிய பாதைகள் மேலும் ஆழமாகின்றன. பென்கூலன் நிலையம் சுமார் 43 மீட்டர் ஆழத்தில் உள்ளது.

மண்ணைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் 2004 ஏப்ரல் 20ஆம் தேதி கண்டது. வட்டப் பாதைக்காகத் தோண்டப்பட்ட பள்ளத்தின் தாங்கு சுவர்கள் சரிந்து, நிக்கல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி உள்ளே விழுந்தது. நால்வர் உயிரிழந்தனர். தம் ஊழியர்களை வெளியேற்றிவிட்டுத் தாம் சிக்கிக்கொண்ட மேற்பார்வையாளரின் உடல் கிடைக்கவே இல்லை. மண்ணின் வலிமையை மிகையாகக் கணித்தது, தாங்கு சட்டங்களின் இணைப்புகளைப் போதிய வலுவின்றி வடிவமைத்தது, முன்கூட்டியே தெரிந்த எச்சரிக்கை அறிகுறிகளைப் பொருட்படுத்தாதது ஆகியவை விசாரணைக் குழுவின் முடிவுகளில் அடங்கும். அதன் பிறகு தோண்டும் பணிகளுக்கான விதிமுறைகள் கடுமையாக்கப்பட்டன. நிக்கல் நெடுஞ்சாலை நிலையம் வேறு இடத்துக்கு மாற்றிக் கட்டப்பட்டது.

இந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்த ஊழியர்கள் ஏராளம். புதிய பாதை ஓராண்டு தாமதம் என்ற செய்தி வரும்போது, அந்தத் தாமதத்தில் அவர்களின் பாதுகாப்புக்கான நேரமும் அடங்கியிருக்கலாம்.

பழுதுபட்டால் யார் பொறுப்பு?

கட்டுவதற்குப் பணம் ஒதுக்குவதைவிட, பராமரிப்புக்குத் தொடர்ந்து ஒதுக்குவது கடினம் என்பது 2011 டிசம்பரில் தெரிந்தது. அம்மாதம் 15, 17 தேதிகளில் வடக்கு-தெற்குப் பாதை பல மணி நேரம் முடங்கியது. விசாரணைக் குழு, பராமரிப்பில் குறைகளைச் சுட்டியது.

அதன் பின்னர் சொத்துரிமை முறையே மாற்றப்பட்டது. முன்பு ரயில்களும் சமிக்ஞைச் சாதனங்களும் சேவை நடத்துநரின் சொத்து. பழையதை மாற்றுவதற்கு அவர்களே முதலீடு செய்யவேண்டும், பங்குதாரர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். 2016ல் எஸ்எம்ஆர்டியின் ரயில் சொத்துகளைச் சுமார் ஒரு பில்லியன் வெள்ளிக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் வாங்கியது. 2018ல் வடகிழக்குப் பாதையின் சொத்துகளும் ஆணையத்திடம் வந்தன. இப்போது சொத்து ஆணையத்துடையது. எஸ்பிஎஸ் டிரான்சிட்டும் எஸ்எம்ஆர்டியும் உரிமம் பெற்று ரயிலை ஓட்டுகின்றன, பராமரிக்கின்றன.

ஆனாலும், கோளாறுகள் நின்றுவிடவில்லை. 2024 செப்டம்பரில் கிழக்கு-மேற்குப் பாதையில் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே சேவை ஆறு நாள் தடைபட்டது. 2025 ஆகஸ்ட் 12ஆம் தேதி மின்விநியோகக் கோளாற்றால் ஃபேரர் பார்க் முதல் பொங்கோல் கோஸ்ட் வரை ரயில் நின்றது. ரயில் சேவையின் நம்பகத்தன்மையை உயர்த்த, ஐந்தாண்டுகளில் கூடுதலாக ஒரு பில்லியன் வெள்ளி வரை செலவிடப்போவதாக அரசாங்கம் 2024ல் அறிவித்திருந்தது. வடகிழக்குப் பாதைக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. அதன் மின்கம்பிகளும் சாதனங்களும் பழையவற்றின் வரிசையில் சேர்ந்துவிட்டன.

பயணிகளுக்குப் பயன்படும் குறிப்பு

ரோச்சோர், ஜாலான் புசார் நிலையங்கள் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் உள்ளன. ஆனால் டௌன்டவுன் பாதை வளைந்து செல்வதால், ரயிலில் போனால் இரண்டுக்கும் இடையே ஒன்பது நிறுத்தங்கள். தெம்பனிஸ் பக்கத்திலிருந்து தேக்காவுக்கு வருவோர் ஜாலான் புசாரிலேயே இறங்கி நடந்தால் நேரம் மிச்சமாகும். ஒரு நிலையத்தில் வெளியேறி, அருகிலுள்ள மற்றொரு நிலையத்தில் 15 நிமிடத்துக்குள் மீண்டும் நுழைந்தால், இரண்டும் ஒரே பயணமாகவே கட்டணத்தில் கணக்கிடப்படும். நியூட்டனில் வடக்கு-தெற்குப் பாதையிலிருந்து டௌன்டவுன் பாதைக்கு மாறும்போதும், நுழைவாயிலைக் கடந்து வெளியே வந்துதான் மீண்டும் நுழையவேண்டும். அங்கேயும் கூடுதல் கட்டணம் இல்லை.

அடுத்து எந்தப் பேட்டை?

பூன் லே, சுவா சூ காங், தெங்கா பகுதிகளை இணைக்கும் ஜூரோங் வட்டாரப் பாதை 24 நிலையங்களுடன் 2027 முதல் கட்டம் கட்டமாகத் திறக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. ஹவ்காங், அங் மோ கியோ வழியாகச் செல்லும் குறுக்குத் தீவுப் பாதையின் முதற்கட்டம் 2030க்குத் திட்டமிடப்பட்டுள்ளது. உட்லண்ட்ஸ் நார்த்தையும் ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ரயில் பாதை, ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிச்செல்லும். ஜோகூரிலிருந்து அதில் வருவோர் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ஸ்டீவன்ஸ் வரை வந்து மாறினால், அங்கிருந்து இரண்டாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. 2030களில் பத்தில் எட்டு வீடுகள் ஒரு ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதூரத்துக்குள் இருக்கவேண்டும் என்பது ஆணையத்தின் இலக்கு.

அந்தக் கணக்கு வீடுகளை எண்ணுகிறது. வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் பலவும் நிலையங்களுக்குத் தொலைவில், தொழிற்பேட்டைகளின் ஓரங்களில் உள்ளன. அங்கே தங்கியிருப்போர் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு வர நெடுங்காலமாகத் தனியார் பேருந்துகளையே நம்பியிருந்தனர். 2017ல் துவாஸ் லிங்க் வரை நான்கு நிலையங்கள் திறந்தபோது, துவாஸ் வட்டார ஊழியர்களுக்கு ரயிலும் கிடைத்தது. அடுத்து, டௌன்டவுன் பாதையைச் சுங்கை காடுட் வரை நீட்டும் பணி நடக்கிறது. 2035க்குள் அது முடியும்போது, அந்த வட்டாரத்திலிருந்து ரயில் மாறாமலே லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிடலாம்.